ஈஸ்வரியின் காலில் ஒன்பது கடிவாய்கள்

ஸ்டெண்ட் என்றாலே நெஞ்சு என்றுதான் எங்கள் போடியில் இன்றைக்கும் நினைக்கிறார்கள். நான் ஓய்வுபெற்று மதுரையிலிருந்து ஊரோடு வந்த புதிதில், எதிர்வீட்டுக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "ஏம்மா, நீ காலுக்கு ஸ்டெண்ட் வைக்கிற ஆசுபத்திரியிலயா இருந்த? நெஞ்சுல வைக்கிற ஸ்பிரிங்கைக் கொண்டாந்து கால்ல வைக்கிறது என்ன கூத்து?" என்று கேட்டார். அவருக்கு விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் போகவேண்டிய பஸ் போய்விட்டது. அதற்கும் என்னைத்தான் குறை சொன்னார்.

இரத்தக் குழாய்ப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பொறுப்பு சிஸ்டர் எனக்குப் போன் செய்து, உங்களுக்காக ஏதாவது எழுதித் தரச் சொன்னாள். ஊசி எங்கே போடுவது, கம்பியை எப்படிச் சுருட்டி வைப்பது என்பதையெல்லாம் சொல்லித்தர அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரிந்தது நான் செய்த தப்பு ஒன்றுதான். என்னுடைய கோபத்தை நேரில் பார்த்தவர்கள் இப்போது அங்கே யாரும் இல்லை என்று நினைக்கிறேன். முதுகுக்குப் பின்னால் என்னை 'மிளகாய் சிஸ்டர்' என்பார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். காலுக்குப் போன இரத்தம் திரும்பி மேலே ஏறுவது சிரைகள் வழியாக. பிரசவத்துக்குப் பிறகோ, நெடுநாள் படுக்கையில் கிடந்த பிறகோ, சிலருக்கு அந்தச் சிரையில் இரத்தம் கட்டிக்கொள்கிறது. மருந்து கொடுத்தால் கட்டி பெரும்பாலும் கரைந்துவிடும். ஆனால் கட்டி உட்கார்ந்திருந்த இடம் தழும்பாகிச் சுருங்கிவிட்டால், வடிகால் தூர்ந்த வயல் மாதிரி கால் நாள் முழுக்க ஊறிக்கிடக்கும். வீங்கும், கறுக்கும், கணுக்காலுக்கு மேலே புண் வரும், வந்த புண் ஆறாது. அப்படிச் சுருங்கிய சிரை இடுப்புக்குள்ளே இருந்தால், அதை விரித்து ஸ்டெண்ட் என்கிற வலைக்குழாயை வைத்து வழி உண்டாக்குவதுதான் நாங்கள் செய்த வேலை.

ஈஸ்வரி அப்படி வந்தவள்தான். போடிக்காரி, முப்பத்தாறு வயது. இரண்டாவது பிரசவம் முடிந்த பத்தாம் நாள் இடது காலில் இரத்தம் கட்டியது. அதற்குப் பிறகு ஏழு வருஷமாக அந்தக் கால் அவளுக்குச் சொந்தமாக இல்லை. வலது காலுக்கு ஓர் அளவு, இடது காலுக்கு இரண்டு அளவு பெரிது என்று, ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கி ஜோடிக்கு ஒன்றாய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். உள்பக்கக் கணுக்காலில் ஒரு புண், உள்ளங்கையில் பாதி இருக்கும். அதன் வாடை பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கு வந்துவிடுமோ என்று பயந்து பஸ் ஏறுவதையே விட்டிருந்தாள்.

அவள் புருஷன் முருகேசன் ஜீப் ஓட்டுகிறவர். போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டங்களுக்குத் தினமும் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், சாயங்காலம் இறக்கிவிடுவார். கால் இப்படியாவதற்கு முன்னால் ஈஸ்வரியும் அந்த ஜீப்பில் போனவள்தான். ஏலச்செடியில் காய் மேலே தொங்காது, தூரில் தரையோடு கிடக்கும். குனிந்தும் குந்தியும் பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்கவேண்டும். அதில் ஈஸ்வரி கெட்டிக்காரியாம், அவர் சொன்னார். "எங்க லோடுல இவதான் சார் மொதக் கை. இப்பக் கெடங்குல உக்காந்து காய் பொறுக்குறா" என்று டாக்டரிடம் சொன்னார். காய் பொறுக்குவது என்றால் மலையிலிருந்து உலர்ந்து வந்த காயைப் போடிக் கிடங்கில் தரம் பிரிப்பது.

"ஒனக்கு என்ன ஆகணும், சொல்லு தாயி" என்று டாக்டர் கேட்டார். அவர் எல்லாப் பெண்களையும் தாயி என்பார்.

"புண்ணு ஆறணும் சார். பழையபடி மலையேறணும்" என்றாள் ஈஸ்வரி.

அந்த இரண்டாவது வாக்கியத்தை நானும் அங்கேயே நின்று கேட்டேன். கேட்டேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனி மாசத்தில் ஸ்டெண்ட் வைத்தோம். நன்றாகவே நடந்தது. இரண்டாம் நாள் காலையில் அவள் கணுக்கால் எலும்பு தெரிந்தது. ஏழு வருஷம் கழித்துத் தன் எலும்பைப் பார்த்தவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்து, "இங்க பாருங்க சிஸ்டர், இங்க பாருங்க" என்று வந்தவர் போனவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். துப்புரவு செய்ய வந்த அம்மாகூடக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எங்கள் வேலையில் இந்தச் சந்தோஷத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

வீட்டுக்கு அனுப்பும் அன்று அறிவுரைத் தாளை நான்தான் படித்துக் காட்டினேன். இரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடவேண்டும், ஒரு வேளைகூட விடக்கூடாது. இறுக்கமான காலுறை போடவேண்டும். காலைத் தொங்கப்போட்டு நெடுநேரம் உட்காரக்கூடாது. மென்மையான பிரஷ்ஷில் பல் தேய்க்கவேண்டும். கீழே விழாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். "என்ன வேலை?" என்று தாளில் ஒரு கட்டம் இருந்தது. கேட்டேன். "காய் பொறுக்குறேன் சிஸ்டர்" என்றாள். 'உட்கார்ந்து செய்யும் வேலை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.

நான் போடியில் பிறந்தவள். என் அம்மாவும் ஜீப் ஏறியவள்தான். சாயங்காலம் வந்து இறங்கியதும் வாசலில் சேலையை உயர்த்தி, காலில் ஒட்டியிருக்கும் அட்டைகளைச் சுண்ணாம்பு தொட்டு உதிர்ப்பாள். அந்தச் சுண்ணாம்பு டப்பாவை எடுத்துக் கொடுத்த கை இது. இருந்தும், இரத்தம் உறையாத மாத்திரையைக் கையில் கொடுத்து ஒரு மலைக்காரியை அனுப்பும்போது, அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தாளில் அந்தக் கட்டம் இல்லை. நானும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அவளை இல்லை.

புண் ஆவணிக்குள் ஆறிவிட்டது. ஆறியதும் ஈஸ்வரி என்ன செய்வாள்? ஜீப்பில் ஏறினாள். அவள் எதற்காக வந்தாளோ அதைத்தான் செய்தாள்.

புரட்டாசியில் ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். முருகேசன் அவளை அதே ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். இடது கால் தொடையிலிருந்து விரல் வரை நீலம் பாரித்து, தோல் மின்னிக்கொண்டு, வலது காலைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தது. தொட்டால் அலறினாள். கண்டவுடனே புரிந்துவிட்டது, ஸ்டெண்ட் அடைத்துக்கொண்டுவிட்டது.

டாக்டர் வந்தார். அவர் பயந்தால் குரலை உயர்த்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று கழற்றினார்.

"மாத்திரை போட்டியா தாயி?"

"போட்டேன் சார்."

"ஒரு நாளும் விடலையே?"

"விடல சார்."

டாக்டர் என்னைத் தனியே அழைத்து, "ஒழுங்கா மாத்திரை போட்டும் அடைச்சிருக்குன்னா ஸ்டெண்ட்லதான் கோளாறு சிஸ்டர். நசுங்கியிருக்கலாம், இடம் போதாம இருக்கலாம். இன்னொண்ணு வைக்கணுமா, இதை விட்டுடணுமான்னு யோசிக்கணும்" என்றார். அவள் மாத்திரையை விட்டிருந்தாலோ கதையே வேறு. அப்போது ஸ்டெண்ட் நல்ல ஸ்டெண்ட், கட்டி புதுக் கட்டி, எடுத்துவிட்டால் கால் பிழைக்கும். எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். நாள் ஆக ஆகக் கட்டி இறுகிவிடும். ஆக, அவள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் அந்தக் கால் நின்றது.

ஸ்கேனுக்குக் கொண்டுபோகக் காலைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் வெள்ளைப் பொட்டுப் பொட்டாக ஏதோ காய்ந்திருந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். சுண்ணாம்பு. அதன் கீழே மூன்று கீறல் ஒன்றாகக் கூடினாற்போல் ஒரு சின்னக் கடிவாய். அதை எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் என் அம்மாவின் காலில் பார்த்திருக்கிறேன். இன்னொரு பொட்டு, இன்னொன்று. வலது காலிலும்.

எனக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரே நொடியில் விளங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. 'ஏத்தா, பெரிய டாக்டர்கிட்டயே பொய் சொல்றியா, காலு போயிரும் தெரியுமா?' இந்த வாக்கியம் முழுசாக என் தொண்டைக்கு வந்துவிட்டது. அப்போது தற்செயலாக அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வலியிலும் என் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்த வாக்கியத்தை விழுங்கினேன். அவள் கால்மாட்டில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊர்ப் பேச்சில் கேட்டேன்.

"அட்டை ரொம்பக் கடிச்சிருச்சா தாயி?"

அவ்வளவுதான். அவளுக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது.

"மழைக்குக் காடு முழுக்க அட்டைதான் சிஸ்டர். முன்னெல்லாம் கடிச்சா கொஞ்ச நேரத்துல நின்னுரும். இப்ப நிக்கவே மாட்டேங்குது. பூட்ஸுக்குள்ள ரத்தம் சொதசொதன்னு நின்னுச்சு. கூட வந்தவளுக பயந்துட்டாளுக. கங்காணி, 'ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது, நீ வராத'ன்ட்டாரு. ரெண்டு நா மாத்திரை போடாமப் பாத்தேன். ரத்தம் சட்டுனு நின்னுச்சு. சரி, மழை விட்டதும் போட்டுக்கலாம்னு..."

"கடைசியா எப்ப போட்ட? நல்லா யோசிச்சுச் சொல்லு. கிழமை சொல்லு."

"வெள்ளிக்கெழம காலைல."

அன்று வியாழன். வெள்ளிக்குப் பிறகு ஆறு நாள். கால் வீங்க ஆரம்பித்தது செவ்வாய் என்று முருகேசன் வந்ததுமே சொல்லியிருந்தார். கட்டிக்கு வயது இரண்டே நாள்.

நான் ஓடினேன். ஐம்பத்து நான்கு வயதில், வார்டில், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நான் சொன்னதைக் கேட்டதும் டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். மாத்திரையை நிறுத்திப் பார்த்தாள், இரத்தம் நின்றது, ஆகவே மழை விடும்வரை நிறுத்தினாள். இதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது? தன் கண்ணால் பார்த்ததை வைத்து நல்லறிவோடுதான் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த மாத்திரை இடுப்புக்குள்ளே என்ன காவல் காக்கிறது என்று அவளுக்குப் புரியும்படி நாம் சொல்லியிருக்கவில்லை. 'விடக்கூடாது' என்று மட்டும் சொன்னோம். அடுத்த தடவை ஒரு நோயாளியைப் பார்த்து 'சொன்ன பேச்சு கேட்கவில்லை' என்று எழுதப் போகும்போது பேனாவை ஒரு நிமிஷம் மூடி வையுங்கள்.

அடுத்தது டாக்டரின் முறை. கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தால் அது உடம்பில் எங்கெல்லாம் புண் இருக்கிறதோ அங்கெல்லாம் இரத்தத்தைத் திறந்துவிடும். தலைக்குள்ளே கசிந்தால் ஆளே போய்விடும். கொடுக்காமல், மேலும் உறையாதிருக்க ஊசி மட்டும் போட்டு வைத்தால் உயிருக்கு ஆபத்து குறைவு, ஆனால் ஸ்டெண்ட் அவ்வளவுதான். கால் பழையதைவிட மோசமாகும்.

அவர் கடிவாய்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இத்தனை இருக்கே சிஸ்டர். மருந்தை விட்டா எல்லாம் திறந்துக்குமே."

"திறக்கும் சார். ஆனா கைக்கு எட்டுற இடத்துல வர்ற ரத்தத்தை அமுக்கலாம். உள்ள வர்றதைத்தான் அமுக்க முடியாது. உள்ள ஏதாச்சும் இருக்கான்னு நீங்க பாருங்க. வெளிய இருக்குறதை நான் பாத்துக்கிறேன்."

அவர் அவளை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்காவது விழுந்தாயா, தலைவலி உண்டா, மலம் கறுப்பாகப் போனதா, வயிற்றில் எரிச்சலா. எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனை வந்தது. கொஞ்சம் சோகை, மற்றபடி தாங்கும். யோசித்து ஒரு வழி சொன்னார். கட்டியில் பெரும்பங்கை முதலில் குழாய் வழியாக உறிஞ்சி எடுத்துவிடுவது. மிச்சத்துக்கு மட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக, குறைந்த அளவில், சாயங்காலம் வரை. முருகேசனை அழைத்து நல்லதும் கெட்டதும் இரண்டையும் மறைக்காமல் சொன்னார். முருகேசன் ஈஸ்வரியைப் பார்த்தார்.

"செய்யச் சொல்லுங்க" என்றாள் அவள்.

நான் தோலில் எழுதும் பேனாவை எடுத்து ஒவ்வொரு கடிவாயையும் சுற்றி வட்டம் போட்டு எண் எழுதினேன். இடது காலில் ஐந்து, வலது காலில் மூன்று, பின்னங்கழுத்தில் ஒன்று. ஒன்பது. எது எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் அமுக்கியது என்று எழுத ஒரு தாள்.

பதினோரு மணிக்குள் கட்டியை உறிஞ்சிவிட்டார்கள். முழங்காலுக்குப் பின்பக்கம் குழாய் போட்டிருந்ததால் அவள் குப்புறப் படுத்திருக்கவேண்டும். கன்னத்தைத் தலையணையில் வைத்து ஒருக்களித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து சொட்ட ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான்காம் எண் திறந்தது. பஞ்சு வைத்து அமுக்கினேன். அது நிற்பதற்குள் ஏழு. இரண்டு கையாலும் இரண்டு காலையும் அமுக்கிக்கொண்டிருந்தேன். அப்போது இரண்டாம் எண்ணும் திறந்துகொண்டது. அன்றைக்கென்று தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லாக் கட்டிலிலும் ஆள், எந்தப் பிள்ளையின் கையும் சும்மா இல்லை.

டாக்டரிடம் கேட்டுவிட்டு முருகேசனை உள்ளே வரச்சொன்னேன். கவுனும் கையுறையும் மாட்டி, "அண்ணே, இந்த இடத்துல கட்டை விரலை வச்சு அமுக்கணும். நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது" என்றேன்.

"சிஸ்டர், எனக்கு ரத்தம்னா..." என்றார். முகம் வெளுத்துவிட்டது. மழையிலும் மூட்டத்திலும் போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டு உயிரைத் தினமும் ஏற்றி இறக்குகிற மனுஷன், பஞ்சில் இருந்த இரத்தத்தைப் பார்த்துத் தள்ளாடினார்.

"கண்ணை மூடிக்கங்க. வெரல் மட்டும் இருந்தாப் போதும்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் கட்டைவிரலைப் பிடித்து இரண்டாம் எண்ணின்மேல் வைத்தேன். நான்கு மணி நேரம் அந்த மனிதர் அப்படியே இருந்தார். ஓர் எண் நின்றால் இன்னொன்றுக்கு விரலை நான் எடுத்து வைப்பேன், கண்ணைத் திறக்காமலேயே அமுக்குவார். "ஏங்க, கை வலிக்குதா?" என்று அவள் கேட்டால், "நீ பேசாமப் படு" என்பார். நடுவில் ஒரு தடவை, "போனது எத்தன, இருக்குறது எத்தன சிஸ்டர்?" என்று, ஜீப்பில் ஆளை எண்ணுகிற மாதிரி கேட்டார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது எனக்கு.

இரண்டு மணி இருக்கும். மூன்று கடிவாய்கள் நின்றிருந்தன. கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைத்தது. சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"ஏந்தாயி, ரத்தம் நிக்கலேன்னதும் ஒரு போன் போட்டிருக்கலாம்ல? தாள்ல வார்டு நம்பர் இருந்துச்சே."

அவள் தலையணைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போடலாம்னுதான் எடுத்தேன் சிஸ்டர். அன்னைக்கு வஞ்சீங்கள்ல, அதான் வச்சுட்டேன்."

"நானா? நான் எப்ப வஞ்சேன்?"

"ஆசுபத்திரிலருந்து வீட்டுக்குப் போன அந்த வாரம். கீரை சாப்பிடலாமான்னு கேட்டேன். மறுநா தலைக்கு ஊத்தலாமான்னு கேட்டேன். அதுக்கடுத்து காலுறையைத் தொவைக்கலாமான்னு கேட்டேன்ல, அப்ப நீங்க, 'ஒனக்கு வேற சோலி இல்லையா, எதுக்கெடுத்தாலும் போன் போடுவியா, இங்க உசுருக்குப் போராடுறவங்க இருக்காங்க'ன்னு சொன்னீங்க." பிறகு அவசரமாக, "நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். அட்டக் கடிக்கெல்லாமா கூப்பிடுறதுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள்.

எனக்கு அந்தப் போன் நினைவே இல்லை. நான் எவ்வளவு யோசித்துப் பார்த்தும், அப்படி ஒரு போன் வந்ததோ, நான் அப்படிச் சொன்னதோ நினைவுக்கு வரவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை என்னுடைய பேச்சுதான் அது. எனக்கு அரை நிமிஷம் இருந்து மறைந்த கோபம், அவளிடம் மூன்று மாசம் பத்திரமாக இருந்திருக்கிறது. அவள் காலைக் கெடுத்தது அட்டையில்லை, மழையில்லை. தாளில் விட்டுப்போன கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டம் விட்டுப்போனாலும் ஒரு போனில் சரியாகியிருக்கும்.

என் இரண்டு கையும் அவள் காலில் இருந்தன. கண்ணைத் துடைக்க முடியவில்லை. "தப்பு என்னோடது தாயி" என்றேன். "அப்படிச் சொல்லாதீங்க சிஸ்டர்" என்று அவள் பதறினாள். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்து சாய மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்தார். இடுப்புக்குள்ளே ஸ்டெண்ட் நெடுகக் கறுப்பாக, தடையில்லாமல் ஓடியது இரத்தம். "ஓடுது சிஸ்டர், ஓடுது" என்றார். இருபது வருஷம் அவரோடு வேலை பார்த்ததில் அன்றுதான் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டேன். ஒன்பது கடிவாய்களும் நின்றபிறகுதான் முருகேசனைக் கண் திறக்கச் சொன்னேன். திறந்து முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை.

நான்காம் நாள், இனி மலைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லப் பார்த்தார். ஈஸ்வரி எழுந்து உட்கார்ந்தாள்.

"கெடங்குல உக்காந்தேதான் கெடக்கணும்னா, இந்தக் காலை எதுக்கு சார் நேராக்குனீங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு மூன்று பேருமாக உட்கார்ந்து ஒரு வழி செய்தோம். இறுக்கக் காலுறைக்கு மேலே முழங்கால் வரை கெட்டித் துணியில் ஓர் உறை, மேல் ஓரத்தில் நாடா. அதை நானே தைத்துக் கொடுத்தேன், நான்கு ஜோடி. அட்டை அண்டாமல் உறையின்மேல் மூக்குப்பொடியும் எண்ணெயும் தடவுவது அவளுக்கே தெரியும். அட்டை கடித்தால் பிய்த்து எறியாமல் நகத்தால் ஓரத்திலிருந்து நெம்பி எடுத்து, இருபது நிமிஷம் அமுக்கவேண்டும். ஜீப்பில் பாதி வழியில் இறங்கிப் பத்து எட்டு நடக்கவேண்டும். மாத்திரையை மட்டும் யார் சொன்னாலும் விடக்கூடாது, ஏன் என்பதைப் படம் வரைந்து காட்டினேன். இன்றைக்கும் உங்கள் தாளில் 'மலைக்குப் போவீர்களா, வயலில் இறங்குவீர்களா, அட்டை உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது அப்போது வந்ததுதான். வெளியூர்ப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சிரித்துக்கொண்டே கேளுங்கள், கேட்டால் போதும். ஈஸ்வரி இன்னமும் ஜீப் ஏறுகிறாள். போன மாசம் சந்தையில் பார்த்தேன், என்னைவிட வெரசாக நடக்கிறாள்.

வீட்டுக்கு அனுப்பும் அன்று இந்தத் தடவை நான் எதையும் படித்துக் காட்டவில்லை. அவளையே சொல்லச் சொன்னேன். மாத்திரை, காலுறை, உறை, நடை என்று ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அட்டை கடிச்சா?"

"நெம்பி எடுத்துட்டு இருவது நிமிஷம் அமுக்குவேன்."

"அப்பவும் நிக்கலேன்னா?"

புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "ஒங்களுக்கு போன் போடுவேன். வைய மாட்டீங்களே சிஸ்டர்?" என்றாள்.

இரண்டு தடவை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேசையில் படுத்தவள், என்னிடம் அதைத்தான் கேட்டாள். தாளில் இருந்த வார்டு நம்பரை அடித்துவிட்டு, என் சொந்த நம்பரை அவள் போனில் நானே போட்டுக் கொடுத்தேன்.

ஜீப் கிளம்பிப் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். வார்டில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி, அப்போதுதான் சரியாகியிருந்தது. இன்னொரு கட்டிலில் ஒரு பெரியவர் ஊசியைப் பிடுங்கிக்கொண்டு ரகளை செய்துகொண்டிருந்தார். என் பையில் போன் அடித்தது. புது நம்பர்.

"சிஸ்டர், நாந்தான். ஈஸ்வரி."

"சொல்லு தாயி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். ஆண்டிபட்டி வந்துட்டோம். காத்து நல்லா அடிக்குது." கொஞ்சம் தயங்கினாள். "சும்மாதான் போட்டேன்."

பெரியவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன்.

"போடு தாயி" என்றேன். "சும்மாவே போடு."